வோக்ஸ்வேகனின் சூடு: பழைய சாலையிலும் புதிய சாலையிலும்

மலாக்காவின் பாச்சாங்கிலிருந்து கோலாலம்பூருக்குக் காரில் கிளம்பினால், அன்று அலோர் காஜா, தம்பின், ரெம்பாவ், சிரம்பான், மந்தின், காஜாங் என்று ஊர் ஊராகக் கடந்துதான் போய்ச் சேர வேண்டும். லோரிக்குப் பின்னால் ஊர்வது, ரயில் கேட்டில் நிற்பது, மந்தின் வளைவுகளில் கியரைக் குறைத்து ஏறுவது, இடையில் ஒரு கடையில் பசியாறுவது என்று பொழுது ஓடிவிடும். இன்று ஆயர் குரோ டோலில் நுழைந்துவிட்டால் சிக்னலும் இல்லை, சந்தியும் இல்லை. சிரம்பான் – கோலாலம்பூர் நெடுஞ்சாலை 1982இல் திறந்தது. வடக்கு – தெற்கு நெடுஞ்சாலை முழு நீளத்துக்கும் 1994இல் திறந்தது. பயணிக்கு நேரம் மிச்சமானது. மலாய்க்காரர்கள் கூரா-கூரா என்று செல்லமாக அழைக்கும் வோக்ஸ்வேகன் பீட்டலுக்கோ, அந்த இரண்டு ஆண்டுகளோடு வெயிலும் மழையும் தராத ஒரு புதுச் சோதனை வந்து சேர்ந்தது.

அது என்ன சோதனை என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். கார் ஓடும்போது எதிர்க்கும் காற்றை வெல்ல வேண்டிய திறன், வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. டயரின் உருளல் தடையையும் சேர்த்துத் தோராயமாகப் போட்டுப் பார்த்தால், 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பீட்டலுக்கு 12 குதிரைத்திறன் போதும். 110இல் 25 வேண்டும். 1200 சிசி எஞ்சினின் மொத்தத் திறனே 34தான். ஆக, எஞ்சின் இரு மடங்குக்கு மேல் உழைக்கிறது, இரு மடங்குக்கு மேல் சூட்டைக் கொட்டுகிறது. அதைக் குளிர்விக்கும் விசிறியோ எஞ்சினின் சுழற்சியோடு பெல்ட்டால் பிணைக்கப்பட்டது. 80லிருந்து 110க்குப் போகும்போது அது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் கூடுதலாகச் சுற்றும். சூடு இரட்டிக்க, காற்று அந்த அளவுக்குக் கூடவில்லை. மிச்சச் சூடு எண்ணெயில் போய்ச் சேர்கிறது. பழைய சாலையில் இந்தக் கணக்குக்கு வேலையே வந்ததில்லை. எஞ்சின் சற்றுச் சூடேறுவதற்குள் ஒரு சந்தி வரும், ஒரு ஊர் வரும், கால் தானாக பெடலிலிருந்து எழும்.

இந்தக் காரில் ரேடியேட்டர் இல்லை, தண்ணீர் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். காற்று கொதிக்காது, ஒழுகாது என்பதுதான் அதன் பெருமையாகவும் விளம்பரமாகவும் இருந்தது. மேட்டில் நீராவி கக்கி நிற்கும் மற்றக் கார்களைக் கடந்து இது பாட்டுக்கு ஏறிப் போனதைப் பார்த்தவர்கள், இதற்குச் சூடே ஏறாது என்று நம்பிவிட்டார்கள். சூடு ஏறும். தண்ணீரின் இடத்தில் காற்றும் எண்ணெயும் சேர்ந்து வேலை பார்க்கின்றன, அவ்வளவுதான். அதிலும் எண்ணெயின் பங்கு பெரிது. பிஸ்டனின் அடிப்பக்கம், கிராங்கின் பேரிங்குகள், வால்வுத் தண்டுகள் என்று காற்று எட்டாத இடங்களிலிருந்து சூட்டைச் சுமந்து வருவது அதுதான். எஞ்சின் பிடிக்கும் எண்ணெய் மொத்தம் இரண்டரை லிட்டர். அசல் எஞ்சினில் எண்ணெய் பில்டர் கிடையாது, கம்பி வலைச் சல்லடை ஒன்றுதான். அதனால்தான் 5000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றி, டேப்பெட் இடைவெளியைச் சரிபார்க்கச் சொன்னார்கள். அந்தக் கெடுவைத் தள்ளிப் போட்டால் எஞ்சின் பொறுத்துக்கொள்ளாது.

அன்றைய ரப்பர்த் தோட்டங்களில் கார் என்றால் முதலில் துரையின் வண்டிதான். பிறகு கிராணி, டிரசர், தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் என்று ஓரிருவர் வீட்டு வாசலில் மோரிஸ் மைனரோ வோக்ஸ்வேகனோ நிற்கத் தொடங்கியது. 1968 முதல் ஷா ஆலமில் சாம்பியன் மோட்டார்ஸ் ஆலை பீட்டலை இங்கேயே பொருத்தி விற்றதும் அதற்கு உதவியது. மலாயாவில் ரப்பர் வணிகப் பயிராக முதன்முதலில் நடப்பட்டதே மலாக்காவில்தான். 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் நட்டார், அடுத்துப் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் போட்டார். அந்த மரங்களின் வழித்தோன்றல்கள்தான் ஜாசின் வழியிலும் காடேக் வழியிலும் சாலைக்கு இருபுறமும் நிழல் விரித்து நின்றன. காருக்கு அது நல்ல காற்று, கெட்ட காற்று இரண்டையும் கொடுத்தது. நிழலால் குளுமை கிடைத்தது. ஆனால் ஆண்டுத் தொடக்கத்தில் பால்மரம் இலை உதிர்க்கும்போது, காய்ந்த சருகுத் துண்டுகள் பின்கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்றுத் துளை வழியே நுழைந்து விசிறிக் கூட்டுக்குள் போய் எண்ணெய்க் கூலரின் மேல் படியும். தோட்டத்து மண்சாலையின் செம்புழுதி, கசிந்த எண்ணெயோடு குழைந்து, சிலிண்டரைச் சுற்றியுள்ள மெல்லிய தகட்டுச் சிறகுகளுக்கிடையே அப்பிக்கொள்ளும். காற்று பட வேண்டிய இரும்பின் மேல் ஒரு கம்பளிப் போர்வை போர்த்தியது போலாகிவிடும்.

அன்றைய காரில் வேகமானி உண்டு, எண்ணெய்ச் சூடு காட்டும் மீட்டர் கிடையாது. இரண்டு விளக்குகள் மட்டும் இருந்தன. ஒன்று டைனமோ விளக்கு, மற்றது எண்ணெய் அழுத்த விளக்கு. டைனமோ விளக்குக்குத் தமிழர் பட்டறைகளில் கொடுத்த மரியாதை நியாயமானது. டைனமோவையும் விசிறியையும் ஒரே பெல்ட்தான் சுற்றுகிறது. சிவப்பு விளக்கு எரிந்தால் பேட்டரிக்கு மின்சாரம் போகவில்லை என்பதோடு எஞ்சினுக்குக் காற்றே போகவில்லை என்றும் பொருளாகலாம். வேறு கார் என்றால் அடுத்த ஊர் வரை ஓட்டிப் போய்ப் பார்க்கலாம். இதில் அடுத்த கல் வரைகூடப் போகக் கூடாது. உடனே ஓரங்கட்டி நிறுத்த வேண்டும். முன்பக்கப் பெட்டியில் மாற்று பெல்ட் ஒன்றும் 21 மில்லிமீட்டர் சாவி ஒன்றும் இருந்தால் பத்து நிமிட வேலை. பெல்ட்டின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைப்பது, புல்லியின் இரு பாதிகளுக்கு நடுவே உள்ள வளையத் தகடுகளை எடுத்தும் சேர்த்தும்தான். கட்டைவிரலால் அழுத்தினால் ஒன்றரை சென்டிமீட்டர் உள்ளே போக வேண்டும்.

எண்ணெய் விளக்கு வேறு விதமாகப் பேசும். மெர்லிமாவ் பக்கம் கல்யாணத்துக்கு ஒரே மூச்சாக ஓட்டிப் போய், ஊருக்குள் சிக்னலில் நிற்கும்போது அது மின்னி மின்னி மறைந்தால், எண்ணெய் சூடேறி நீர்த்துவிட்டது, மெதுவான சுழற்சியில் அழுத்தம் பிடிக்கவில்லை என்று ஓட்டுபவர் தெரிந்துகொள்வார். வண்டியை நிறுத்தியதும் எண்ணெய்க் கம்பியை உருவித் துணியில் துடைத்து, கம்பியின் சூட்டையும் எண்ணெய் சொட்டும் விதத்தையும் கருகல் வாசத்தையும் பார்ப்பார்கள். மாதத்துக்கொருமுறை பிளக்கைக் கழற்றி அதன் வெள்ளைப் பீங்கான் மூக்கைப் பார்ப்பார்கள். வெளிர்ப் பழுப்பாக இருந்தால் நிம்மதி. வெளுத்துப் போயிருந்தால் கலவையில் பெட்ரோல் குறைவு, எங்கோ இன்டேக்கில் காற்று கசிந்து நுழைகிறது, சிலிண்டர் ஹெட் வேகிறது. போர்மேன்களின் கண்ணும் மூக்கும் விரலும்தான் அன்று மீட்டர். அந்த அறிவை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் அதற்கு ஒரு எல்லை உண்டு. அது சேதத்தின் தொடக்கத்தைத்தான் சொல்லும், முன்கூட்டிச் சொல்லாது.

அந்தப் போர்மேன்கள் எல்லோரும் அறிந்த இன்னொன்று மூன்றாவது சிலிண்டர். பழைய எஞ்சினில் எண்ணெய்க் கூலர் விசிறிக் கூட்டின் உள்ளேயே, மூன்றாவது சிலிண்டருக்கு நேர் மேலே நின்றது. காற்று முதலில் கூலரைக் கடந்து, அங்கே சூடேறி, வேகமும் குறைந்து, பிறகுதான் அந்தச் சிலிண்டருக்கு வரும். அதனால் எரிந்துபோன எக்ஸாஸ்ட் வால்வு என்று எஞ்சின் பட்டறைக்கு வந்தால், கழற்றுமுன்பே விரல் மூன்றை நோக்கித்தான் நீளும். தொழிற்சாலையும் இதை அறிந்தே இருந்தது. டிஸ்டிரிபியூட்டரில் மூன்றாவது சிலிண்டருக்கு மட்டும் தீப்பொறி ஓரிரு டிகிரி தாமதமாக விழும்படி செதுக்கி வைத்திருந்தது. 1971 மாடலிலிருந்து கூலரைப் பின்னால் தனிப் பெட்டிக்கு நகர்த்தி, அதற்கென்று தனிக் காற்று வழி கொடுத்து, விசிறியையும் அகலமாக்கினார்கள். காற்றால் குளிரும் பீட்டலின் வரலாற்றில் சூட்டைப் பொறுத்தவரை இதைவிடப் பெரிய திருத்தம் வேறில்லை என்பேன். இன்று நம் ஊரில் நல்ல நிலையில் ஓடும் 1960களின் கார்கள் பலவற்றில் இந்தப் பிந்திய கூடும் கூலரும்தான் ஏறியிருக்கின்றன. அது சரியான மாற்றம்.

இன்றைக்கு வருகிறேன். இப்போது எண்ணெய்ச் சூட்டுக்கு மீட்டர் உண்டு. சென்சரை எண்ணெய்க் கம்பியிலேயே பொருத்தலாம், சல்லடைத் தட்டிலும் பொருத்தலாம். ஹெட்டின் சூட்டை அறிய மூன்றாவது சிலிண்டரின் பிளக்குக்கு அடியில் ஒரு வளையச் சென்சர் போடுகிறார்கள். துப்பாக்கி போல் நீட்டிப் பார்க்கும் அகச்சிவப்பு வெப்பமானி கடையில் சல்லிசாகக் கிடைக்கிறது. அதை நம்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பளபளக்கும் அலுமினியத்தில் அது உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். பார்க்கும் இடத்தில் சூடு தாங்கும் கறுப்புப் பெயின்ட் ஒரு பொட்டு வைத்துப் பார்த்தால்தான் ஏறக்குறையச் சரியான எண் வரும்.

எண்கள் கையில் இருக்கின்றன. ஆனால் கார் முன்னைவிடச் சூடாக ஓடுகிறது என்ற புலம்பலும் கூடவே இருக்கிறது. வெயில் அதிகமாகிவிட்டது, பெட்ரோல் முன்போல் இல்லை, எண்ணெய் சரியில்லை என்று காரணம் சொல்கிறார்கள். பெட்ரோல் மேல் பழி போட எனக்கு மனமில்லை. ஈயம் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் போனது, ஆக்டேன் 92 போய் 95 வந்தது 2009இல். குறைந்த அழுத்தத்தில் எரிக்கும் இந்த எஞ்சினுக்கு 95 தாராளம். உண்மையான காரணம் பெரும்பாலும் எஞ்சின் மூடியைத் திறந்தாலே தெரிந்துவிடும். தகரங்கள் இல்லை.

இதை விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் காரின் உயிரே அங்கேதான் இருக்கிறது. எஞ்சினைச் சுற்றி நாலாபுறமும் கறுப்புத் தகரங்களும், அவற்றுக்கும் காரின் உடலுக்கும் நடுவே ஒரு ரப்பர்ப் பட்டையும் உண்டு. இவை சேர்ந்து எஞ்சின் அறையை மேல், கீழ் என்று இரண்டாகப் பிரிக்கின்றன. மேலே குளிர்ந்த காற்று. விசிறி அதை இழுத்துச் சிலிண்டர்களின் மேல் தள்ளுகிறது. சூடான காற்று கீழே வெளியேறுகிறது. அங்கேதான் சைலன்சரும் எக்ஸாஸ்ட் குழாய்களும் தகிக்கின்றன. நடுவே ஒரு கையகலம் திறந்திருந்தாலும் கீழே போன சூட்டுக் காற்றை விசிறி மறுபடி உறிஞ்சிக்கொள்ளும். பிளக் வயர்கள் தகரத்தைத் துளைத்துப் போகும் இடத்தில் உள்ள சின்ன ரப்பர் வளையங்கள்கூட அதற்காகத்தான். ஐம்பது ஆண்டுகளில் ஒவ்வொரு முறை எஞ்சின் இறங்கி ஏறும்போதும் ஒரு தகரம் மூலையில் தங்கிவிட்டது. பெயின்ட் அடித்தபோது காய்ந்துபோன ரப்பர்ப் பட்டையைக் கழற்றினார்கள், திரும்பப் போடவில்லை. அழகுக்காக குரோம் பூசிய விசிறிக் கூட்டை வாங்கிப் போட்டார்கள். அவற்றுள் சிலவற்றில் காற்றைப் பங்கிட்டு அனுப்பும் உள்தடுப்புகளே கிடையாது.

நம் வெப்ப நாட்டுக்கென்றே உள்ள தவறு ஒன்று உண்டு. குளிர்நாட்டில் காருக்குள் கதகதப்பு வேண்டும் என்பதற்காக விசிறிக் கூட்டின் இருபுறமும் இரண்டு குழாய் வாய்கள் வைத்திருக்கிறார்கள். மலாக்காவில் எவருக்கு ஹீட்டர் வேண்டும்? ஹீட்டர்ப் பெட்டிகளைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். அதில் பிழையில்லை. அந்த இரண்டு வாய்களை அடைக்காமல் விட்டதுதான் பிழை. சிலிண்டருக்குப் போக வேண்டிய காற்று அங்கே வீணாய்ப் பீய்ச்சுகிறது. அடைக்க வேண்டியவை இரண்டு தகர மூடிகள், செலவு மிகச் சிறிது.

தெர்மோஸ்டாட்டுக்கும் அதே கதி நேர்ந்தது. எஞ்சின் குளிர்ந்திருக்கையில் காற்றை மறித்து, சூடேறியதும் திறந்துவிடும் மடிப்புகள் கூட்டின் உள்ளே இருக்கின்றன. வெப்ப நாட்டுக்கு இது எதற்கு என்று பலர் பிடுங்கிவிட்டார்கள். ஆனால் திறந்து நிற்கும்போது அந்த மடிப்புகள் காற்றுக்குத் திசையும் காட்டுகின்றன. எடுத்துவிட்டால் காற்று தன்போக்கில் போகும். இன்னொரு கேடு, காலையில் பாச்சாங் சந்தைக்குப் போய்த் திரும்பும் சின்ன ஓட்டத்தில் எண்ணெய் சூடேறுவதே இல்லை. 80 டிகிரியையாவது தொட்டு அங்கே சற்று நேரம் நின்றால்தான் எண்ணெயில் சேர்ந்த ஈரம் ஆவியாகிப் போகும். நம் ஈரப்பதத்தில் அது போகாமல் தங்கி, எண்ணெய் ஊற்றும் மூடிக்கடியில் பால் ஏடு போன்ற வெண்பசையாகப் படிகிறது. சூடு குறைந்தும் இந்த எஞ்சின் சாகும் என்பதை இங்கே பலர் ஏற்பதில்லை.

வெயிலின் பங்கையும் சொல்லிவிடுகிறேன், அது பொய்யில்லை. ஜெர்மனியில் 15 டிகிரிக் காற்றும் நம்மிடம் மதியம் 33 டிகிரிக் காற்றும் என்று வைத்துக்கொள்வோம். 180 டிகிரியில் இருக்கும் ஹெட்டுக்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசம் அங்கே 165, இங்கே 147. குளிர்ச்சியில் பத்தில் ஒரு பங்குதான் இழப்பு. 100 டிகிரியில் இருக்கும் எண்ணெய்க்கோ அங்கே 85, இங்கே 67. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இழப்பு. வெப்ப நாடு ஹெட்டை வாட்டுவதைவிட எண்ணெயைத்தான் அதிகம் வாட்டுகிறது. 1200 காரின் உச்ச வேகம் 115, அந்த வேகத்திலேயே நாள் முழுக்க ஓட்டலாம் என்று தொழிற்சாலை சொன்னது அந்த ஊர்க் காற்றை மனத்தில் வைத்துத்தான். நம் நெடுஞ்சாலையில் 110 என்று பலகை சொல்கிறதே என்று இந்தக் காரை மிதிப்பது அதற்குச் செய்யும் அநீதி.

நெரிசலைப் பற்றிய பயம் மட்டும் பெரும்பாலும் தேவையற்றது. மாசி மகத்தன்று செங் சன்னாசி மலை ஆண்டவர் கோயில் வழியில் கார்கள் நத்தையாக நகரும். அப்போது பீட்டல் வைத்திருப்பவர்கள் பதறுவார்கள். விசிறி எஞ்சினோடு சுற்றுவதால் நின்றாலும் காற்று வரும், உழைப்பு குறைவாதலால் சூடும் குறைவு. தோட்டத்துப் பிள்ளைகள் ஓட்டி வளர்ந்த ஹோண்டா கப் மோட்டாருக்குத்தான் அந்த வசதி இல்லை. பினாங்கின் லோ பூன் சியூ கொண்டுவந்து நாடெங்கும் பரப்பிய அந்தச் சின்ன எஞ்சினுக்கு விசிறியே கிடையாது, ஓடினால்தான் காற்று. சென்னை திருவொற்றியூரில் 1955 முதல் உருவான என்பீல்டு புல்லட்டுக்கும் அதே நிலைதான். 2020இல் வந்த அந்த நிறுவனத்தின் புதிய 350 எஞ்சினில் காற்றோடு எண்ணெயையும் குளிர்விப்புக்குச் சேர்த்துக்கொண்டார்கள். எண்ணெயின் பங்கு எவ்வளவு பெரிது என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

இப்போது பட்டறைகளில் முதலில் பரிந்துரைப்பது மின்விசிறியோடு கூடிய வெளிக் கூலர். பில்டர், ஒன்றரை லிட்டர் கூடுதலாகப் பிடிக்கும் ஆழமான அடித்தட்டு என்று பட்டியல் நீளும். நெடுஞ்சாலையில் அடிக்கடி நெடுந்தூரம் போகிறவர், 1600க்கு மேல் எஞ்சினைப் பெருக்கியவர், இவர்களுக்கு அது தேவை. சூடேறிய பிறகு மட்டும் எண்ணெயை வெளிக் கூலருக்கு விடும் வால்வோடு அதைப் பொருத்த வேண்டும். தகரம் இல்லாத காருக்கு அதைப் பொருத்தினால் எண்ணெயின் எண் மட்டும் இறங்கும், ஹெட் முன்போலவே வேகும். ஹெட்டுக்கு மீட்டர் இல்லாதவருக்கு அது தெரியவும் தெரியாது. எஞ்சினின் உடல் மெக்னீசியக் கலவை, ஹெட் அலுமினியம். தொடர்ந்த சூட்டில் போல்ட்டின் மரைகள் பிடிப்பை இழக்கின்றன, அப்புறம் அந்த எஞ்சினை மீட்பது பெருஞ்செலவு. பின்மூடியை முட்டுக் கொடுத்துத் தூக்கி நிறுத்திக்கொண்டு ஓட்டும் பழக்கமும் பரவியிருக்கிறது. காற்று உள்ளே வரும் வழி பின்கண்ணாடிக்குக் கீழே உள்ள துளைகள். மூடியின் அடிப்பக்கத்தைத் திறந்து வைத்தால் எக்ஸாஸ்ட் பக்கத்துச் சூடும் சேர்ந்துதான் உள்ளே வரும்.

கார் ஓடிய விதமும் மாறிவிட்டது. அன்று தினம் ஓடி, புழுதியாலும் சருகாலும் அடைபட்டது. இன்று அந்தப் பால்மரச் சாலைகளில் பலவற்றில் செம்பனையும் தாமான் வீடுகளும் நிற்கின்றன. கார் கூடாரத்துக்கடியில் மாதக்கணக்கில் நிற்கிறது, விசிறிக் கூட்டுக்குள் எலி கூடு கட்டுகிறது. நீண்ட நாள் நின்ற காரை எழுப்புகிறவர்கள் கார்பரேட்டரையும் பேட்டரியையும் பார்க்கிறார்கள், கூட்டைக் கழற்றிப் பார்ப்பதில்லை. பஞ்சும் காகிதமும் கூலரின் மேல் அடைத்துக்கொண்டு கிடக்க, ஆயர் குரோ வரை போவதற்குள் எண்ணெய் 130ஐத் தொட்டுவிடும்.

ஆகவே சூடு பற்றிக் கேட்டு வருகிற இளையவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது. கூட்டைக் கழற்றிச் சுத்தம் செய்து, சிறகுகளின் இடுக்குகளைத் தூரிகையால் எண்ணெய்ப் புழுதி போகக் கழுவு. விடுபட்ட தகரங்களைத் தேடிப் போடு. சுற்று ரப்பரைப் புதிதாக மாற்று, ஹீட்டர் வாய்களை மூடு. தீப்பொறி விழும் நேரத்தையும் கலவையையும் சரிபார். அதன்பின் மீட்டர் வாங்கு. எண்ணெய் 80க்கும் 110க்கும் இடையே இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். 120ஐத் தாண்டினால் இடது தடத்துக்கு வந்து 80க்கு இறங்கு. பத்து நிமிடத்தில் முள் திரும்பி வரும். வராவிட்டால் அடுத்த ஓய்விடத்தில் ஒதுங்கி, அழுத்த விளக்கும் டைனமோ விளக்கும் அணைந்தே இருந்தால் எஞ்சினை இரண்டு நிமிடம் மெதுவாக ஓடவிட்டு, அதன் விசிறியே அதைக் குளிர்வித்த பிறகு நிறுத்து.